ஸ்காட்டிஷ் லீக் டூ: ஒரு சீசன் முழுக்கப் பார்க்கத் தகுமா?

ஆட்டத்தின் தரத்தை நம்பி ஸ்காட்டிஷ் லீக் டூவுக்கு வருகிறவர்கள் முதல் இருபது நிமிடத்திலேயே ஏமாந்துபோவார்கள். ஸ்காட்லாந்தின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான எஸ்பிஎஃப்எல்லின் நான்கு பிரிவுகளில் இதுதான் கடைசி. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சிக்கு வருகிறவர்கள். காலில் விழுந்த பந்து அங்கேயே நிற்காது, இரண்டடி தள்ளி ஓடும். கோல்கீப்பர் நீளமாக உதைப்பார், நடுவில் நான்கு பேர் தலையால் முட்டுவார்கள், பந்து கோட்டுக்கு வெளியே போகும். மறுபடி த்ரோ-இன். ஆனால் டிக்கெட் விலை, ஆட்டத்தை எவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறோம், தோற்றால் என்ன ஆகும் என்ற பயம், இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தால் பிரிட்டனில் இந்தக் காசுக்கு இதைவிட நல்ல சனிக்கிழமை மதியம் சுலபமாகக் கிடைக்காது. எந்த மைதானம், எந்த மாதம் என்று பார்த்து வாங்க வேண்டும். சீசன் டிக்கெட் வேறு கணக்கு, அதைக் கீழே சொல்கிறோம்.

அமைப்பு எளிது. பத்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு நான்கு முறை மோதும். சொந்த மைதானத்தில் இரண்டு, வெளியூரில் இரண்டு, ஆக 36 ஆட்டங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து மே தொடக்கத்தில் முடியும். முதலிடம் பிடித்த அணி நேராக அடுத்த மேல் பிரிவான லீக் ஒன்னுக்கு ஏறும். இரண்டு, மூன்று, நான்காம் இடங்கள், லீக் ஒன்னில் ஒன்பதாவதாக வந்த அணியோடு சேர்ந்து பிளே-ஆஃப் ஆடும். 2024-25இல் பீட்டர்ஹெட் முதலிடம் பிடித்து ஏறியது. பிளே-ஆஃப் வழியாக ஈஸ்ட் ஃபைஃப் ஏற, அன்னான் அத்லெடிக் கீழே வந்தது.

இந்தச் சரக்கின் பெரிய குறை அந்த “நான்கு முறை”தான். பிப்ரவரி வாக்கில் எல்லா அணியும் எல்லா அணியையும் இரண்டு மூன்று தடவை பார்த்து முடித்திருக்கும். எதிரணியின் ஸ்ட்ரைக்கர் எந்தக் காலால் உதைப்பார், கார்னரில் யார் முன்கம்பத்துக்கு ஓடுவார் என்று தடுப்பாட்டக்காரருக்கு மனப்பாடம். விளைவு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை 0-0, 1-0 ரக ஆட்டங்களை நிறையப் பொறுத்துக்கொள்ள வேண்டிவரும். சீசன் டிக்கெட் எடுத்தால் 18 ஆட்டம் கிடைக்கும், ஆனால் வருவது அதே ஒன்பது அணிகள், தலா இரண்டு முறை. அந்த ஊர் அணி உங்கள் அணி என்றால் எடுங்கள், அந்தப் பணம் கிளப்புக்கு உண்மையிலேயே தேவை. எந்த அணியையும் சேராதவர் என்றால் எடுக்காதீர்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் வாசலில் கொடுத்துக்கொண்டு பத்து மைதானமும் சுற்றினால்தான் காசுக்குப் பலன். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 15 பவுண்டையொட்டி இருக்கும், சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் குறைவு. சில கிளப்புகள் பெரியவரோடு வரும் சிறுவர்களைக் காசில்லாமலே விடுகின்றன. டிக்கெட் தீர்ந்துபோகும் கவலை அநேகமாக இல்லை. கூட்டம் சில நூறு பேர்.

மேலே ஏறுவதை விடக் கீழே விழுவதுதான் இந்த லீக்கின் உயிர். 2014-15க்கு முன் கடைசி இடத்தில் முடித்தாலும் லீக்கை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர் 2003 முதல் 2007 வரை தொடர்ந்து ஐந்து சீசன் கடைசியில் முடித்தது, அதில் ஒரு சீசனில் மொத்தமே 8 புள்ளி. அடுத்த ஆகஸ்டில் வழக்கம்போல் ஆட வந்துவிட்டது. இப்போது அது நடக்காது. 2025-26 நிலவரப்படி, இதற்குக் கீழே உள்ள வட்டார லீக்குகளான ஹைலேண்ட் லீக்கின் சாம்பியனும் லோலேண்ட் லீக்கின் சாம்பியனும் முதலில் தங்களுக்குள் மோதுவார்கள். ஜெயிப்பவர் லீக் டூவின் கடைசி அணியோடு இரண்டு ஆட்டம் ஆடுவார். அதில் தோற்றால் லீக்கை விட்டே வெளியே. 2016இல் இப்படி முதலில் வெளியேறியது அதே ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர்தான், உள்ளே வந்தது எடின்பரோ சிட்டி. 2019இல் பெர்விக் ரேஞ்சர்ஸ் இரண்டு ஆட்டமும் சேர்த்து 7-0 என்று கோவ் ரேஞ்சர்ஸிடம் நொறுங்கியது. பெர்விக் ஊர் இருப்பதே இங்கிலாந்தில் என்பது ஒரு வேடிக்கை. பிறகு 2021இல் பிரெக்கின் சிட்டி, 2022இல் கவ்டன்பீத், 2023இல் அல்பியன் ரோவர்ஸ், 2025இல் போனிரிக் ரோஸ். பிரெக்கின் கதை தனி: 2017-18இல் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் 36 ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்காமல், நான்கு டிராவோடு இறங்கியது, மூன்றே வருடத்தில் லீக்குக்கே வெளியே நின்றது. ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயரில் தொடங்கி அல்பியன் ரோவர்ஸ் வரை இப்படிப் போன ஐந்து பழைய கிளப்புகளில் ஒன்றுகூட 2025-26 சீசனுக்குள் திரும்பி வந்து சேரவில்லை. எட்டு, ஒன்பது, பத்தாம் இடங்களில் இருக்கும் அணிகள் ஏப்ரலில் மோதும்போது மைதானத்தில் கேட்கும் சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

போனிரிக் வெளியேறியதில் மைதானத்துக்கும் பங்கு உண்டு. அவர்களின் நியூ டன்டாஸ் பார்க் ஒரு பக்கம் சரிந்த மைதானம். ஆட்டத்தை ரசிக்க வந்தவர்களுக்கு அது ஒரு சுகம். ஒரு பாதியில் மேட்டைப் பார்த்து ஏற வேண்டும், மறுபாதியில் பந்து தானாக ஓடும். ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்தின் உரிம விதிப்படி சரிவுக்கு ஓர் அளவு உண்டு. அதற்குள் கொண்டுவராததால் 2024-25இல் ஆறு புள்ளிகளைப் பிடுங்கினார்கள். அணி கடைசியில் முடித்து, பிளே-ஆஃபில் ஈஸ்ட் கில்பிரைடிடம் தோற்றது. விதி விதிதான், ஆனால் லீக்குக்கு ஒரு தனி முகம் கொடுத்த மைதானம் பட்டியலிலிருந்து போய்விட்டது. நமக்கு நஷ்டம்.

எங்கே போகலாம் என்று முடிவு செய்யுமுன் தரையைப் பாருங்கள். 2025-26இன் பத்து அணிகளில் அசல் புல்லில் ஆடுவது நான்கே: டம்பார்டன், எல்ஜின் சிட்டி, ஸ்டெர்லிங் அல்பியன், ஸ்ட்ரான்ரார். அன்னான், கிளைட், ஈஸ்ட் கில்பிரைட், எடின்பரோ சிட்டி, ஃபோர்ஃபார், ஸ்பார்ட்டன்ஸ் ஆறுக்கும் செயற்கைப் புல். கிளப்புகள் அதை விரும்புவதற்குக் காரணம் பணம். அசல் புல்லில் வாரத்துக்கு ஓர் ஆட்டம், மிஞ்சினால் இரண்டு. செயற்கைத் தரையை வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஐவர் ஆட்டக் குழுக்களுக்கும் வாடகைக்கு விடலாம், முதல் அணியின் பயிற்சியும் அங்கேயே நடக்கும். பார்க்கிறவருக்குக் கிடைப்பது வேறு. காய்ந்த தரையில் பந்து காலடியில் சிக்கி மெதுவாகும், குதித்தால் எதிர்பார்த்ததை விட உயரம் எழும். மழை பெய்தால் வழுக்கிக்கொண்டு ஓடும், தூரத்துப் பாஸ்கள் எல்லாம் கோல்கீப்பர் கைக்கோ கோட்டுக்கு வெளியேயோ போய்ச் சேரும். சறுக்கிப் பந்தைப் பறிக்கும் தடுப்பாட்டமும் குறைவு, முட்டியும் தொடையும் உரிந்துவிடும் என்று ஆட்டக்காரர்கள் தயங்குவார்கள். உச்சப் பிரிவான பிரீமியர்ஷிப்பில் 2026-27 முதல் செயற்கைத் தரை கூடாது என்று கிளப்புகள் ஓட்டுப் போட்டு முடிவெடுத்திருக்கின்றன. கீழ்ப் பிரிவுகளை அது தொடவில்லை.

ஒரே ஒரு மைதானம்தான் பார்க்க முடியும் என்றால் டம்பார்டன். கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் டம்பார்டன் ஈஸ்ட் நிலையம், அங்கிருந்து பத்து நிமிட நடை. மைதானத்துக்கு ஒட்டினாற்போல் டம்பார்டன் பாறை நிற்கிறது: பழைய எரிமலையின் மிச்சம், எழுபது மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் கோட்டை. ஸ்டாண்ட் ஒரே ஒரு பக்கம்தான், சுமார் 2,000 இருக்கை. மற்ற மூன்று பக்கமும் திறந்த வெளி. கிளைட் ஆற்றுக் காற்று நேராக உள்ளே வரும். அதனால் டாஸ் ஜெயித்த கேப்டன் எந்தப் பக்கம் எடுக்கிறார் என்று கவனியுங்கள். காற்றுக்கு எதிரே ஆடும் அணியின் கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டத் திணறும், கார்னர்கள் வளைந்து கோலுக்குப் பின்னால் போய் விழும். இந்த அணி 1890-91இல் நடந்த ஸ்காட்லாந்தின் முதல் லீக்கை ரேஞ்சர்ஸோடு பகிர்ந்துகொண்டது, அடுத்த வருடம் தனியாகவே ஜெயித்தது. 2024-25இல் திவால் நிர்வாகத்துக்குப் போய் 15 புள்ளிகளை இழந்து லீக் டூவுக்கு இறங்கியது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், சுற்றியிருக்கும் கிழவர்களின் முணுமுணுப்புக்கு அர்த்தம் புரியும்.

ஸ்டெர்லிங்கின் ஃபோர்த்பேங்க் வசதியான மைதானம், ஆனால் இந்தக் கூட்டத்துக்குப் பெரியது, சத்தம் கரைந்துபோகிறது. ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும். 2012 அக்டோபரில் இங்கேதான், பண நெருக்கடியால் நான்காம் பிரிவில் போய் விழுந்திருந்த ரேஞ்சர்ஸை, அட்டவணையில் கடைசியில் கிடந்த ஸ்டெர்லிங் 1-0 என்று வீழ்த்தியது. மேனேஜர் அன்று மைதானத்திலேயே இல்லை, அவருக்கு அன்று கல்யாணம். எடின்பரோ சிட்டி ஆடும் மெடோபேங்கை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். ஓட்டப்பாதைக்கு நடுவே ஆட்டம் நடப்பதால் கிட்டத்தில் பார்க்கும் சுகம் போய்விடுகிறது, இந்த லீக்கில் விற்பதே அந்தச் சுகம்தான். அதே நகரில் ஸ்பார்ட்டன்ஸின் ஐன்ஸ்லி பார்க் எவ்வளவோ மேல். கிளைட் 2022 முதல் ஹாமில்டனின் நியூ டக்ளஸ் பார்க்கில் குடியிருக்கிறது. போய்வர வசதி, வேறு விசேஷம் இல்லை. ஈஸ்ட் கில்பிரைட் புதிது. 2016இல் தொடர்ந்து 27 ஆட்டம் ஜெயித்து நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பின் உலகச் சாதனையை முறியடித்தது இந்தச் சின்னக் கிளப்தான்.

தூரத்து ஊர்களில் கவனம் வேண்டும். எல்ஜின் வடக்கே, ஸ்ட்ரான்ரார் தென்மேற்கு மூலையில். இரண்டுக்கும் நடுவே சாலை வழியே 400 கிலோமீட்டருக்கு மேல். போக மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும், அதே நாளில் ஆடிவிட்டுத் திரும்ப வேண்டும். பயணம் முடித்து இறங்கிய அணி முதல் கால்மணி நேரம் தடுமாறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எல்ஜினுக்கு அபர்டீன்-இன்வர்னஸ் ரயில் பாதை உண்டு. ஸ்ட்ரான்ராருக்கும் ரயில் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஐந்துக்குச் சற்று முன்பு முடியும், திரும்பும் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். ஃபோர்ஃபாருக்கு ரயிலே கிடையாது. மைதானத்துக்கு இருக்கும் ஸ்டேஷன் பார்க் என்ற பெயரை நம்பி நிலையம் தேடாதீர்கள், 1967இலேயே மூடிவிட்டார்கள். டண்டீயில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

உள்ளே போனபின் கவனிக்க வேண்டிய காட்சி ஒன்று இருக்கிறது. இரு அணி ரசிகர்களையும் பிரித்து வைக்காத ஆட்டங்களில், இடைவேளை விசில் ஊதியதும் இரண்டு கூட்டமும் எழுந்து மைதானத்தைச் சுற்றி எதிரெதிராக நடக்கும், தங்கள் அணி அடுத்துத் தாக்கப்போகும் கோலுக்குப் பின்னால் போய் நிற்க. நடுவழியில் சந்திக்கும் இடத்தில் கிண்டல், கைகுலுக்கல், சாப்பாடு வாங்கும் வரிசை எல்லாம் ஒன்றாகிவிடும். கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு மீட்டரில் லைன்ஸ்மேன் நிற்பார். நீங்கள் சொல்வது அவர் காதில் விழும், அவருக்கு அது பழக்கம். வீடியோ பார்த்து முடிவு சொல்லும் விஏஆர் பிரீமியர்ஷிப்போடு சரி, இங்கே கிடையாது. கோல் விழுந்தால் கோல்தான், கத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அணிப் பட்டியலில் சில சமயம் பெயருக்குப் பதிலாக “ட்ரையலிஸ்ட்” என்று இருக்கும். ஒப்பந்தம் இல்லாமல் சோதனைக்கு ஆடும் ஆள். பெரிய கிளப்புகள் இரவலாக அனுப்பும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களும் இருப்பார்கள். அவர்கள் முப்பத்தைந்து வயதுத் தடுப்பாட்டக்காரர் ஒருவரிடம் முதல் இடி வாங்கும் தருணத்தைத் தவறவிடாதீர்கள்.

சாப்பாடு என்றால் ஸ்காட்ச் பை. கொதிநீரில் கொழுப்பை உருக்கிப் பிசைந்த கெட்டி மாவில் ஒரு கிண்ணம், உள்ளே மிளகு தூக்கலான ஆட்டுக்கொத்துக்கறி. மாட்டுக்கறி போடுகிறவர்களும் உண்டு. மேல்மூடி விளிம்புக்குக் கீழே இறங்கி இருக்கும், நடுவில் ஆவி போக ஓர் ஓட்டை. மூடிக்கு மேல் உள்ள பள்ளம் சும்மா இல்லை, பிரவுன் சாஸ் ஊற்றினால் வழியாமல் நிற்பதற்குத்தான். தட்டு, கரண்டி கிடையாது. கிடைமட்டமாகப் பிடித்து விளிம்பிலிருந்து கடித்து வர வேண்டும். நடுவில் கடித்தால் கொதிக்கும் கொழுப்பு மணிக்கட்டில் வழியும். சூடு பெட்டியில் அதிக நேரம் கிடந்தால் விளிம்பு அட்டை மாதிரி இறுகி, அடிப்பாகம் ஊறிப்போகும். வெளியே கருத்துச் சுருங்கிய விளிம்பு தெரிந்தால் வேறு கேளுங்கள். வாங்க நல்ல நேரம் ஆட்டம் தொடங்குமுன் அல்லது நாற்பதாவது நிமிடம். இடைவேளையில் போனால் வரிசையும் நீளம், சில மைதானங்களில் சரக்கும் தீர்ந்திருக்கும். ஃபோர்ஃபாரில் மட்டும் பையை விடுங்கள், அந்த ஊரின் பிரைடி வாங்குங்கள். கறி வைத்து குதிரை லாட வடிவில் மடித்துச் சுட்டது. குளிருக்குக் குடிக்கும் போவ்ரில் மாட்டிறைச்சிச் சாறு, சூப் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். சைவர்களுக்குச் சில இடங்களில் மக்ரோனி பை கிடைக்கும், இல்லாத இடத்தில் சிப்ஸும் சாக்லேட்டும்தான். பியர் கிடையாது. 1980 கோப்பை இறுதிப்போட்டிக் கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி பொது ரசிகர்களுக்கு மைதானத்தில் மது விற்பதில்லை. கொண்டுவருவதும் போதையில் உள்ளே வருவதும் குற்றம்.

பணம் வீணாகும் இடம் குளிர்காலம். டிசம்பரில் மூன்று மணி ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க விளக்கு வெளிச்சத்தில்தான். கான்கிரீட் படியில் இரண்டு மணி நேரம் நிற்பதால் குளிர் காலடியிலிருந்து ஏறும். மேல்கோட்டைக் காட்டிலும் தடித்த அடியுள்ள ஷூவும் கம்பளிக் காலுறையும் முக்கியம். தரை உறைந்தாலோ தண்ணீர் தேங்கினாலோ நடுவர் காலையில் வந்து பார்த்து ஆட்டத்தைத் தள்ளிவைப்பார். செயற்கைத் தரையும் உறையும், அது இருந்தால் ஆட்டம் நிச்சயம் என்று எண்ண வேண்டாம். சனிக்கிழமை காலை கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். தள்ளிவைத்த ஆட்டம் அநேகமாக ஒரு செவ்வாய் இரவு 7:45க்கு வரும். தூரத்து ஊரிலிருந்து வருகிறவருக்கு அது பயன்படாது, அந்த டிக்கெட் மறு ஆட்டத்துக்குச் செல்லுமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு: பிரிட்டனுக்குள் சனிக்கிழமை மதிய ஆட்டங்களை நேரலையில் காட்டத் தடை உண்டு, ஆனால் பல கிளப்புகள் வெளிநாட்டு ரசிகர்களுக்கு ஆட்டத்துக்கு ஒரு கட்டணம் என்று இணையத்தில் விற்கின்றன. இந்திய, இலங்கை நேரப்படி கோடையில் இரவு 7:30, அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரம் மாறியபின் 8:30. பெரும்பாலும் ஒரே கேமரா. மழைத்துளி லென்ஸில் விழுந்தால் துடைக்க ஆள் வரும்வரை பொறுக்க வேண்டும். ஆளில்லாமல் தானாகத் திரும்பும் கேமரா என்றால் இன்னும் கவனம். 2020 அக்டோபரில் இன்வர்னஸில் நடந்த ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் அப்படிப்பட்ட கேமரா லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எண்ணி அதையே துரத்திக்கொண்டிருந்தது. காசு கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு இதில் தரம் இல்லை. ஊர் அணியை விட்டுப் பிரிந்து வந்தவர்களுக்கு மட்டும் சரி.

எப்போது வாங்கலாம்? ஆகஸ்ட், செப்டம்பரில் அசல் புல் நல்ல நிலையில் இருக்கும்போது டம்பார்டனோ ஸ்ட்ரான்ராரோ. நவம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை ரயிலில் சுலபமாகப் போகக்கூடிய மைதானங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அட்டவணையின் அடியில் இருக்கும் இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்தைத் தேதி பார்த்துப் பிடியுங்கள். ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் பணம் என்றால், மே மாதத்தில் கடைசி அணி வட்டார லீக் வெற்றியாளரோடு ஆடும் அந்த பிளே-ஆஃபின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் இரு தரப்பும் பயந்து பின்வாங்கி ஆடும், அதை விட்டுவிடலாம். இரண்டாவதற்கு வழக்கத்தை விடக் கூட்டம் அதிகம், அதனால் இதற்கு மட்டும் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வெளியூர்க் கோலுக்குக் கூடுதல் மதிப்பு கிடையாது. மொத்தம் சமமானால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. திரும்பும் ரயிலை அதற்கேற்பப் பாருங்கள்.